முன்வேலாரின் வேல்

சீடருக்கு அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கருவேலங்காட்டுக்கு நடுவே இருந்த ஒரு பழைய கல்மண்டபத்தில் இருவரும் இருந்தார்கள். கூடவே ஆடுகள் இருந்தன.

குருவைச் சுற்று வட்டாரத்தில் தையலம்மை என்று சொல்வார்கள். சீடரின் பேர் முன்வேலார். பெற்றவர்கள் வைத்த பேர் அல்ல அது. தென்கரை அரசரின் படையில் முதல் வரிசைக்கு நடுவில் வேல் பிடித்து நிற்கிறவருக்கு அந்தப் பேர். அவருடைய அப்பாவும் முன்வேலாராகத்தான் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லி அவரைக் கூப்பிட இப்போது யாரும் மிச்சமில்லை.

வடகரைக்கும் தென்கரைக்கும் நடந்த சண்டையில் தென்கரை தோற்றுப்போனது. அரசர் போன இடம் தெரியவில்லை. முன்வேலார் கால் போன போக்கில் நடந்து இந்த மண்டபத்துக்கு வந்து விழுந்தார். தையலம்மை அவரை யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை.

"கஞ்சி இருக்கு. உப்புதான் கொஞ்சம் கம்மி. குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து அவர் சீடர்.

ஒருநாள் காலையில் ஓர் ஆட்டுக்குட்டி நொண்டிக்கொண்டு வந்தது. அம்மை அதன் காலை மடியில் வைத்துக்கொண்டு முள்ளைத் தேடினாள். குட்டி உதைத்தது. முன்வேலார் அதன் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க. தலையை மட்டும் விட்டுடாதீங்க."

"வேல்ங்கிற சொல்லுக்கு முதல் அர்த்தம் என்ன?"

அம்மை நிமிரவில்லை. "உங்களுக்கு என்னன்னு சொல்லிக் குடுத்தாங்க?"

"எங்கப்பா சொல்லுவாரு. வெல்றதால அதுக்கு வேல்னு பேரு வந்ததாம். வெயில்ல எங்களை வரிசையா நிறுத்தி அதையே கத்த வைப்பாரு. தொண்டை கட்டிப் போயிடும்."

"சரி."

"அப்படின்னா, தோத்தவன் கையில இருக்கறதுக்கு என்ன பேரு?"

குட்டி துள்ளியது. அம்மை முள்ளைப் பிடுங்கிவிட்டாள். உள்ளங்கையில் வைத்து அவருக்குக் காட்டினாள். நீளமான, வெளுத்த முள்.

"இது எந்த மரத்து முள்ளு?"

"கருவேலம்."

"அந்தப் பேருலயும் வேல் இருக்கே. இது யாரை ஜெயிச்சுது?"

"குட்டியை நொண்ட வச்சுதே."

"நொண்டிக்கிட்டுப் போய் எங்கே நிக்குது பாருங்க."

குட்டி அதே கருவேல மரத்தடிக்குப் போய், உதிர்ந்து கிடந்த நெற்றைக் கடித்துக்கொண்டிருந்தது. முன்வேலாருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை.

"ஜெயிக்கறதால வந்த பேரா, முள்ளால வந்த பேரா? ரெண்டுல எதும்மா சரி?"

"அதுக்குப் படிச்சவங்க ஊருக்கு ஊர் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. நடுவுல நான் போக மாட்டேன். வேணும்னா ஒரு கதை சொல்றேன்."

அவள் தழையால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஒரு மேட்டுல ஒரு வீரன் செத்துப் போனான். அவன் வேலை அங்கேயே நட்டுட்டு மத்தவங்க ஓடிட்டாங்க. முதல் வருஷம் அந்தப் பக்கம் யாரும் போகலை. வேல்னு சொன்னாலே பிள்ளைங்க அழுதுதுங்க. அடுத்த வருஷம் ஒரு மாடு போய் அதுல முதுகைச் சொறிஞ்சுது. மாட்டுக்காரன் பார்த்தான். பயம் விட்டுப் போச்சு. துண்டைக் காயப் போட்டான். வேல்னா அவனுக்குத் துணி காயப் போடற இடம். அப்புறம் மழை இல்லாத ஒரு வருஷம் யாரோ அதுக்கு ஒரு விளக்கு ஏத்தினாங்க. மறுநாளே மழை பெஞ்சுது. அதோட பாலு, பூவு, பொங்கல். பிள்ளை இல்லாதவ வந்து அழுதா. அவளுக்குப் பிள்ளை பொறந்துது. வேலுன்னே பேரு வச்சா. இப்போ அந்த ஊருல வேலுன்னு கூப்பிட்டா தெருவுக்கு நாலு பேரு திரும்பிப் பார்க்கறாங்க."

முன்வேலார் காத்திருந்தார். கதை முடிந்துவிட்டது என்று அவருக்குப் புரியச் சற்று நேரமானது.

"இதுல எதும்மா வேலோட அர்த்தம்?"

"உங்களுக்கு எந்த வருஷத்து அர்த்தம் வேணும்?"

முன்வேலார் எழுந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

அவர் சும்மா கேட்ட கேள்வி அல்ல அது. ஆடு மேய்க்கப் போன இடத்தில் தமுக்கு அடிக்கிறவன் கூவிக்கொண்டு போனதைக் கேட்டிருந்தார். வடகரை அரசரின் ஆணை. தென்கரையில் யாரிடம் வேல் இருந்தாலும் பௌர்ணமிக்குள் தலையும் கம்புமாகக் கோட்டை வாசலில் கொண்டுவந்து போட்டுவிட வேண்டும். ஒளித்து வைத்தவர் இருக்கும் இடத்துக்கு நெருப்பு வைக்கப்படும்.

முன்வேலாரின் வேல் மண்டபத்தின் உத்தரத்துக்கும் மேல்கல்லுக்கும் நடுவே இருந்த சந்தில், ஓலைப்பாயில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அம்மைக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மண்டபம் கல். எரியாது. ஆனால் ஆட்டுக்கொட்டகை ஓலை. பக்கத்தில் அம்மை அடுக்கி வைத்திருந்த விறகு. இரண்டு சினை ஆடுகள். இதையெல்லாம் நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அதைத்தான் அவரால் செய்ய முடியவில்லை. அப்பா பிடித்த வேல். அப்பா கை பட்டு வழவழப்பான கம்பு. அதற்கு மேல் இவர் கை. முன் வரிசை என்பதே இப்போது இல்லை. வேலும் போய்விட்டால் முன்வேலாரில் என்ன மிச்சமிருக்கும்? ஒரு கிழவன். ஆடு மேய்க்கிறவன். அதிலும் அவ்வளவு சாமர்த்தியம் போதாது, நேற்றுகூட ஒரு கிடா அவரை முட்டித் தள்ளியது.

வேலை எடுத்துக்கொண்டு எங்கேயாவது கண்காணாமல் போய்விடுவது என்று முடிவு செய்தார். அம்மைக்குத் தொந்தரவு வராது. அவருக்கும் பேர் மிஞ்சும்.

அன்று இரவு மழை பிடித்துக்கொண்டது.

சாதாரண மழை இல்லை. காட்டாறு இரண்டு பக்கமும் பொங்கி, மண்டபம் இருந்த மேடு தீவு மாதிரி ஆகிவிட்டது. மேல்கல்லின் இடுக்குகளில் தண்ணீர் ஒழுகியது. தரையெல்லாம் ஈரம். காட்டில் இருந்த எறும்பு, பூரான், தேள் எல்லாம் காய்ந்த இடம் தேடி மண்டபத்துக்குள் வந்தன. அம்மை அவற்றை முறத்தில் வாரி வெளியே விட்டுக்கொண்டே இருந்தாள். அவை திரும்ப உள்ளே வந்துகொண்டே இருந்தன.

ஆறு முழுதாகப் பெருகும் முன்பு, மறுநாள் காலையில், ஒரு பெண் நனைந்துகொண்டு வந்தாள். நிறைமாதம். மண்டபத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்" என்றாள். உட்கார முடியவில்லை. வலி எடுத்துவிட்டிருந்தது.

"முன்வேலாரே, அடுப்பை மூட்டுங்க. பெரிய சட்டியில தண்ணி. அப்புறம் ஆட்டுக்கொட்டகைக்குப் போயிடுங்க."

விறகு ஈரம். அவர் ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்துபோனது. தண்ணீர் கொதித்ததும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொட்டகையில் போய் ஆடுகளோடு நின்றார். மனிதர்கள் சாகும்போது போடும் சத்தம் அவருக்குப் பழக்கம். இந்தச் சத்தம் பழக்கமில்லை. பிற்பகலில் குழந்தை அழுத சத்தம் கேட்டதும் அவர் சினை ஆட்டின் மேலேயே உட்காரப் பார்த்தார்.

ஆண் குழந்தை. அந்தப் பெண்ணின் பேர் செம்பாயி. வடகரைக்காரி. புருஷன் படையில் இருந்தான். திரும்பி வரவில்லை. வயிற்றில் இருந்த பிள்ளையின் ராசிதான் அப்பனை விழுங்கிவிட்டது என்று மாமியார் விரட்டிவிட்டாள். மலைக்கு அந்தப் பக்கம் பெற்ற தாய் இருந்தாள். அவளிடம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கிளம்பியவள் பாதி வழியில் நின்றுபோனாள்.

பிள்ளையை எங்கே படுக்க வைப்பது என்பதுதான் அடுத்த கவலை.

தரையில் கிடத்த முடியாது. பாயைப் போட்டாலும் ஈரம் ஊறியது. செம்பாயி பிள்ளையை நெஞ்சின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கோ ஜுரம் மாதிரி உடம்பு நடுங்கியது. கண் சொருகிக் கை தளரும்போது பிள்ளை வழுக்கும். அம்மை பிடிப்பாள். அம்மை எழுந்து கஞ்சி வைக்கப் போனால் முன்வேலார் வாங்கிக்கொள்வார். பச்சைப் பிள்ளையைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையையும் பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்பார்.

"மூச்சு விடுங்க. பிள்ளையைப் பிடிச்சா மூச்சை நிறுத்தணும்னு இல்லை" என்றாள் அம்மை.

கொப்பூழ்க்கொடி இன்னும் காயவில்லை. அந்த இடத்தில் ஓர் எறும்பு கடித்தால் போதும். செம்பாயியின் கண் தரையிலேயே இருந்தது. ஒரு பூரான் பாயின் ஓரத்தில் ஏறியது. அம்மை தட்டிவிட்டாள்.

"ஒரு தூளி கட்டிட்டா போதும். அந்தத் தூண்லயும் இந்தத் தூண்லயும் கம்பு சொருக மாடம் இருக்கு. நடுவுல நீளமா ஒரு கம்பு வேணும்" என்றாள் அம்மை.

முன்வேலார் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு மழையில் போனார். வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தார். கையெல்லாம் கீறல். கருவேல மரத்தில் நேரான கிளை ஏது? அவர் வெட்டிக் கொண்டுவந்தது எல்லாம் வளைந்தும் நெளிந்தும் இருந்தது. கொஞ்சம் நேராக இருந்த ஒன்று தூணுக்குத் தூண் எட்டவில்லை. எட்டிய ஒன்று அம்மை கையால் அழுத்தியதும் முறிந்தது.

செம்பாயி அழ ஆரம்பித்தாள்.

"எட்டினாலும் என்ன பண்றது? தூளிக்கம்பு தாய்மாமன்தானே போடணும்? எனக்கு இருந்தது ஒரே அண்ணன். படைக்கு அரிசி மூட்டை தூக்கப் போன இடத்துல ஜுரம் வந்து போய்ச் சேர்ந்துட்டான். மாமன் கம்பு போடாத தூளியில பிள்ளை தங்காதுன்னு சொல்லுவாங்க."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. பிள்ளைக்கு முதல் தூளியின் கம்பைத் தாய்மாமன் கொண்டுவந்து போடுவான். பெற்றவள் தன் பழைய சேலையை அதில் கட்டுவாள். பிறகுதான் பிள்ளையைப் போடுவார்கள். இரண்டு கரையிலும் அப்படித்தான். முன்வேலாருக்கும் தெரியும்.

அவர் மேலே பார்த்தார். பார்த்துவிட்டுக் கீழே பார்த்தார். தூணுக்குத் தூண் எட்டக்கூடிய, வளையாத, முறியாத ஒரே ஒரு கம்பு அந்தக் காட்டில் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

ஒரு எறும்புக் கூட்டம் சுவரோரமாக வந்துகொண்டிருந்தது.

"அம்மா, நான் உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன்" என்றார்.

"உத்தரத்து மேலதானே? பாயில எறும்பு ஏறியிருந்தது. நான்தான் தட்டிச் சுருட்டி வச்சேன்."

முன்வேலாருக்கு முகம் சுருங்கிப்போனது. "அது அங்கே இருந்தா நெருப்பு வைப்பாங்கன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கலை?"

"நானே பிடுங்கியிருந்தா நீங்க குடுத்த மாதிரி ஆகுமா?"

அவர் தூணில் ஏறி, பாய்ச் சுருளை இறக்கினார். பிரித்தார். நீளமான கல்மூங்கில் கம்பு. நுனியில் இலை மாதிரி இரும்புத் தலை. மழை இருட்டிலும் அது பளபளத்தது. அவர் அதற்கு எண்ணெய் போட மறந்ததே இல்லை.

செம்பாயி அதைப் பார்த்தாள். பிள்ளையை இறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அதையா? அதையா என் பிள்ளை தலைக்கு மேல தொங்க விடச் சொல்றீங்க? அதோட பேரைக்கூட என் பிள்ளை காதுல போட மாட்டேன். அதுதான் என் வீட்டுக்காரரைத் தின்னுது."

முன்வேலார் வேலைக் கீழே வைத்தார்.

"எந்தச் சண்டையில?" என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டார்.

"மணல்துறையில. நீங்க எங்கே இருந்தீங்க?"

பொய் சொல்லலாம். சொல்ல வரவில்லை.

"மணல்துறையில."

செம்பாயி அவர் முகத்தையே பார்த்தாள்.

"நீங்களா?"

"தெரியலை தாயி. வரிசையில நிக்கும்போது நான் யார் முகத்தையும் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாதுன்னுதான் பழக்குவாங்க."

அவள் அழவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முன்வேலார் அம்மையைப் பார்த்தார். ஏதாவது சொல்லுவாள், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வார்த்தை வைப்பாள் என்று எதிர்பார்த்தார். அம்மை கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

அவர் வேலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

இரும்புத் தலை அரக்கு வைத்து, குறுக்கே ஓர் ஆணி அடித்துக் கம்பில் இறுக்கப்பட்டிருந்தது. அந்த ஆணியை அடித்தது அப்பா. அதை அடித்த அன்று அவரும் பக்கத்தில் இருந்தார். அவருக்கு அப்போது மீசை முளைக்கவில்லை. தலையை நெருப்பில் காட்டினார். அரக்கு இளகி ஒழுகியது. ஆணி அசையவில்லை. கல்லை எடுத்துத் தட்டினார். அசையவில்லை. ஓங்கித் தட்டினார். கல் விரலில் பட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. புகைதான் என்று சொல்ல முடியாது, அடுப்பு அப்போது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மறுபடி தட்டினார். ஆணி வெளியே வந்தது. ஆடிக்கொண்டிருந்த பல் விழுகிற மாதிரி, தலை கழன்று அவர் கையில் விழுந்தது.

அதை ஒரு மூலையில் வைத்தார். கம்பை மழையில் பிடித்துக் கழுவினார். மணல் போட்டுத் தேய்த்தார். அம்மையிடம் மஞ்சள் வாங்கி அடி முதல் நுனி வரை பூசினார். பிசிர் இருக்கிறதா என்று கன்னத்தை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு கொண்டுவந்து செம்பாயியின் காலடியில் வைத்துவிட்டு, எட்டப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"வேண்டாம்னா அடுப்புல வச்சிடலாம்" என்றார். "கஞ்சியாவது சூடாகும்."

செம்பாயி திரும்பவில்லை. கஞ்சி வந்தது. குடித்தாள். பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். நனைந்த ஆடு ஒன்று உள்ளே வந்து நின்று தும்மியது. அம்மை அதைத் துரத்தவில்லை.

வெகு நேரம் கழித்து, செம்பாயி குனிந்து அந்தக் கம்பைத் தொட்டாள். ஒரு விரலால் தொட்டாள். மஞ்சள் விரலில் ஒட்டியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூட்டையை அவிழ்த்து, துவைத்துத் துவைத்து மெலிந்துபோன ஒரு பழைய சேலையை எடுத்தாள்.

"கம்பை நீங்க போடுங்க" என்றாள். "முடிச்சை நான் போட்டுக்கறேன்."

முன்வேலார் எழுந்தார். தூணுக்குத் தூண் கம்பைப் போட்டார். அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். வளையவில்லை. இன்னொரு தடவை தொங்கினார்.

"போதும், பிள்ளை உங்க கனம் இல்லை" என்றாள் அம்மை.

மழை ஓய்ந்து, காட்டாறு வடிந்ததும் கோட்டையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தலைவன் பேர் இருளப்பன். நல்ல ஆகிருதி, கனத்த குரல். அன்றுதான் பௌர்ணமி. கொட்டகைக்கு வெளியே தீப்பந்தத்தோடு ஒருவன் நின்றான்.

"இங்கே வேல் இருக்கா?" என்று வெளியிலிருந்தே சத்தம் போட்டான் இருளப்பன்.

முன்வேலார் அவன் எதிரே போய், துணியில் சுற்றியிருந்த இரும்புத் தலையை நீட்டினார்.

"நானே கொண்டுவந்திருப்பேன். ஆறு விடலை."

இருளப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "லேசான ஆளோடது இல்லையே இது. யாருய்யா நீ?"

"முன்வேலார்னு சொல்லுவாங்க."

இருளப்பனின் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் தன்னை அறியாமல் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"கம்பு எங்கே? தலையும் கம்புமா வேணும். அதுதான் ஆணை. இன்னைக்குக் கம்பை விட்டுட்டுப் போனா, நாளைக்குப் புதுத் தலை மாட்டிக்குவீங்க."

இருளப்பன் மண்டபத்துக்குள் நுழைந்தான். உள்ளே தூளி ஆடிக்கொண்டிருந்தது. அவன் கம்பைப் பார்த்தான். கம்பில் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடம் மஞ்சளுக்கு அடியிலும் தெரிந்தது. படையில் இருந்தவனுக்கு அது போதும்.

"அவிழ்த்துக் குடுத்துடுங்க" என்றான்.

முன்வேலார் முடிச்சை நோக்கிக் கையை நீட்டினார். ஆட்டுக்கொட்டகையும் சினை ஆடுகளும் அம்மையும் அவர் மனதில் வந்து போனார்கள்.

"தொடாதீங்க" என்றாள் செம்பாயி.

அவள் எழுந்து தூளிக்கு முன்னால் வந்து நின்றாள். எழுந்திருக்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் தெம்பு வரவில்லை.

அவள் பேச்சில் வடகரைச் சாயலைக் கேட்டு இருளப்பன் வியந்தான். "நீ நம்ம கரைதானே? இங்கே என்ன பண்றே?"

"பிள்ளை பெத்திருக்கேன்."

"இந்த ஆள் யாருன்னு தெரியுமா உனக்கு? தென்கரைப் படையோட முதல் ஆள். மணல்துறையில நம்ம ஆளுங்க எத்தனை பேரை..."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"இவரு எங்க அண்ணன்" என்றாள் செம்பாயி. "இது எங்க அண்ணன் போட்ட தூளி. தாய்மாமன் போட்ட கம்பைத் தூங்கற பிள்ளையோட உருவிட்டுப் போற ஆம்பளை நம்ம கரையில இருந்தா, வந்து உருவுங்க. உங்க வீட்டுலயும் பிள்ளை இருக்கும்ல?"

முன்வேலார் தூணைப் பிடித்துக்கொண்டார்.

இருளப்பன் அவளைப் பார்த்தான். தூளியைப் பார்த்தான். உள்ளே பிள்ளை நெளிந்து, முனகி, மறுபடி அடங்கியது. அவன் குரலைத் தணித்துக்கொண்டு தையலம்மையிடம் திரும்பினான்.

"அம்மா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எங்க கரையிலயும் சொல்லுவாங்க. நீங்க சொல்லுங்க. இது வேல்தானே?"

அம்மை ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"போன பௌர்ணமிக்கு வந்து கேட்டிருந்தீங்கன்னா, ஆமான்னு சொல்லியிருப்பேன்."

"இப்போ?"

"நீங்க ஏன் இவ்வளவு மெதுவா பேசறீங்க?"

இருளப்பன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து, தீப்பந்தத்தை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். இரும்புத் தலையைத் துணியோடு இடுப்பில் செருகிக்கொண்டான். படி இறங்கியவன் நின்றான்.

"அந்த ஓரம் மழைக்கு ஒழுகும் போல. தூளியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்திக் கட்டுங்க" என்று முணுமுணுத்துவிட்டுப் போனான்.

அவர்கள் போன பிறகு செம்பாயி பாயில் சரிந்து படுத்துக்கொண்டாள். அசதியில் உடனே தூங்கிப்போனாள். அண்ணன் என்று சொன்னதைப் பற்றி அவள் எதுவும் பேசவில்லை. முன்வேலாரும் கேட்கவில்லை. அவள் மேல் ஒரு துணியை எடுத்துப் போட்டார். கால் வெளியே தெரிந்தது. அதையும் இழுத்து மூடினார்.

பிறகு தூளிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இழுத்தார். விட்டார். வெறும் கை ஒரு மாதிரி கனமில்லாமல் இருந்தது. அம்மை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா."

"ம்."

"தலை போயிடுச்சு. கம்பு அங்கே தொங்குது. இனிமே முன்வேலார்னு யாரும் என்னைக் கூப்பிட முடியாது."

"ஆமா."

"அப்போ என்னை என்னன்னுதான் கூப்பிடுவாங்க?"

அம்மை தூளியின் மடிப்பை மெல்ல விலக்கி, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அவனுக்கு இன்னும் பேச்சு வரலையே" என்றாள். "கொஞ்சம் பொறுங்க."